இரண்டாவது கழுதை

இராஜபாளையம்
5.11.98

பரிபூரணம்,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட உனக்கு உரிமை உண்டு. கிழிப்பதற்கு முன் கடைசி வரி வரை படித்துவிடு.

தீபாவளிக்கு முன்பு நடந்ததைப் பற்றி நான் விவாதிக்க வரவில்லை. அன்று லேப்பில் யார் எந்த வலைப்பக்கத்தைக் கேட்டாலும், பால்பாண்டி சாரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கழுதை வந்து நின்றது. கோடும் புள்ளியும் நட்சத்திரக் குறியுமாக அடுக்கி நீ வரைந்த கழுதை. சார் "யார் செஞ்சது?" என்றார். நான் உன் பெயரைச் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ பாதியில் விட்டுப்போன புரோகிராமை சார் என்னிடம் கொடுத்துவிட்டார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை தட்டினால் வெளிநாட்டுப் பருத்தி விலை வந்து விழ வேண்டும் என்று தொடங்கினாயே, அதுதான். டிசம்பர் முதல் சனிக்கிழமை ஒரு மில் முதலாளி சிறப்பு விருந்தினராக வருகிறார். அவர் முன்னால் நான் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் எப்போது தட்டினாலும் 'அப்படி ஒரு கணினியே இல்லை' என்று பதில் வருகிறது. கண்ணாடி அறைக்குள் இருக்கும் மெஷினில் அதே பக்கம் நன்றாகத் திறக்கிறது.

லேப் சோணைமுத்து அண்ணனிடம் கேட்டேன். "எனக்கு மதுரைக்குப் போன் போட்டு லைன் எடுக்கத்தான் தெரியும் பாப்பா. பொறவு உள்ள என்ன நடக்குதுன்னு அந்தப் பெட்டிக்குத்தான் வெளிச்சம்" என்கிறார். பால்பாண்டி சாரிடம் கேட்டால், "நீ டாப்பர்ல்லா, பாத்துக்கோ" என்று எழுந்து போய்விடுகிறார். இது தெரிந்தவள் நீ ஒருத்திதான். சொந்தக் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு, படிப்பு விஷயமாக மட்டும் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
ஞா. ஞானபாக்கியம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.11.98

அன்பில்லாத ஞானபாக்கியத்துக்கு,

நான் நலமில்லை. உன் நலமறிய ஆவலும் இல்லை.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு தரம் படித்தேன். ஞானமும் பாக்கியமும் ஒருசேர வாய்த்தவளுக்கு வெட்கம் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காமல் போயிருக்கிறது. 'அதில் பொய் ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். சரி, மிச்சப் பாதியையும் நானே எழுதிவிடுகிறேன். கழுதை என்னுடையது. அதைக் கண்ணாடி அறை மெஷினுக்குள் ஓட்டிவிட பாஸ்வேர்டு வேண்டுமே, அது யாருடையது? சோணைமுத்து அண்ணன் தட்டும்போது அவர் விரலையே பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பஸ்ஸில் என் காதில் ஓதியது எந்த ரெட்டைச் சடை?

என் கதை தெரியுமா? சார் என்னைக் காலேஜை விட்டு நிறுத்தியதும் அப்பா உரக்கடையில் உட்கார வைத்துவிட்டார். யூரியா மூட்டைக்கும் பொட்டாஷ் மூட்டைக்கும் நடுவில் நான் ஒரு மூட்டை. "ஏட்டி, கழுத வரையிறதுக்கு காலேஜு எதுக்கு? கடைக்கு எதுத்தாப்புல ரெண்டு கட்டிக் கெடக்கு. அதப் பாத்து வரஞ்சுட்டுப் போ" என்கிறார். கொழுக்கட்டையில் பூரணத்தை வழித்து எடுத்துவிட்டு மாவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது உங்கள் வகுப்பு.

பால்பாண்டி சார் அப்பாவிடம் ஒரு வழி சொன்னார். கூட இருந்தது யார் என்று நான் சொன்னால் பரீட்சை எழுத விடுவாராம். வாயைத் திறக்காவிட்டால் இந்த வருஷம் அம்புட்டுதான். நான் திறக்கவில்லை. உடனே உருகிவிடாதே. உன்னைக் காட்டிக்கொடுத்தால் நானும் நீயாகிவிடுவேன். அந்த நாற்றத்துக்கு யூரியா நாற்றம் எம்புட்டோ தேவலை.

இனி படிப்பு விஷயம். பிராக்ஸி என்றால் உனக்குத் தெரியாததா? நான் கட் அடித்த நாளில் குரலை மாற்றி எனக்காக "எஸ் சார்" சொல்வாயே, அதே வேலைதான். உன் மெஷினுக்கு வெளியே போக வாசல் கிடையாது. கண்ணாடி அறை மெஷின்தான் எல்லாருக்கும் பதிலாக வெளியே போய்ப் பக்கத்தை வாங்கி வரும். உன் புரோகிராமுக்கு அந்தப் பிராக்ஸி எங்கே இருக்கிறது என்று நீ சொல்லவில்லை. அது வாசல் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

சொன்னேனே என்பாய். நீ HTTP_PROXY என்று பெரிய எழுத்தில் தட்டியிருப்பாய். உனக்கு எல்லாம் பெரிதாகத்தானே இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் http_proxy என்று தட்டு. முன்னால் export போடு. போடாவிட்டால் நீ சொன்னது உன் வாய்க்குள்ளேயே கிடக்கும். புரோகிராமின் காதில் விழாது.

இதற்கு விலை உண்டு. பதிலைப் படித்துவிட்டுக் கொடுக்காமல் ஏமாற்றினால் அடுத்த கோளாறுக்கு என்னிடம் வராதே. அடுத்தது கட்டாயம் வரும். விலை இதுதான்: மத்தியான இடைவேளையில் கேன்டீன் நடுமேசையில் உட்கார். ஒரு டீ வாங்கி எதிர் நாற்காலிக்கு முன்னால் வை. யார் கேட்டாலும் "பரிபூரணத்துக்கு" என்று சொல். டீ ஆறும்வரை எழுந்திருக்கக் கூடாது.

கோபம் குறையாத,
பரி


இராஜபாளையம்
14.11.98

பரிபூரணம்,

டீ வைத்தேன். கேன்டீன்காரர் வந்து, "ஏம் பாப்பா, யாருக்கும் திவசமா?" என்று கேட்டார். மெக்கானிக்கல் பையன்கள் வரிசையாக வந்து அந்த டம்ளரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவன் ஊதுவத்தி வேறு கொண்டுவந்தான். எங்கள் வீட்டில் படையல் வைக்கும் வழக்கமே கிடையாது என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாய்.

நீ எழுதியபடி செய்தேன். 'கணினியே இல்லை' என்பது போய்விட்டது. இப்போது 407 என்று ஓர் எண் வருகிறது. பிராக்ஸிக்கு அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது. சோணைமுத்து அண்ணன் புதிதாகக் கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் பிராக்ஸி முகவரியோடு சேர்த்தே எழுதிப் பார்த்தேன். பாஸ்வேர்டு lab@98. ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. ஆனாலும் வேறு ஏதோ பெயரைச் சொல்லி அந்தக் கணினி இல்லை என்கிறது. பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் மறுபடி 407.

இந்த முறை விலை ஏதும் வைக்காமல் சொல்வாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார்.

ஞானபாக்கியம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.11.98

திவசம் வைத்த திருமகளுக்கு,

ஊதுவத்தி கொண்டுவந்தவன் யார் என்று பெயர் எழுது. அவனுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும்.

புதுப் பாஸ்வேர்டையும் ஒரு இன்லண்ட் லெட்டரில் பச்சையாக எழுதி அனுப்பியிருக்கிறாய். உன்னை நம்பி ஒரு லேப்! சரி, அந்தப் பாஸ்வேர்டுக்குள் ஒரு @ இருக்கிறது, பார். முகவரியில் @ வந்தால் 'அடையாளம் முடிந்தது, இனி வருவது மெஷின் பெயர்' என்று அர்த்தம். உன் பாஸ்வேர்டு பாதியில் வெட்டுப்பட்டு, மிச்சமிருக்கும் 98 மெஷின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒரு மெஷினை எங்கே போய்த் தேடும்? முகவரிக்குள் திணிக்காதே. பெயரையும் பாஸ்வேர்டையும் கட்டளையிலேயே தனித்தனியாகக் கொடுக்க வழி இருக்கிறது. உதவிப் பக்கத்தில் proxy என்று தேடு, கண்ணில் படும். கண்ணாடி போட்டிருப்பது எதற்கு?

விலை: பால்பாண்டி சார் வகுப்பில், எல்லார் முன்னாலும் எழுந்து, "சார், புரியல" என்று சொல். எதைப் பற்றியாவது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இன்றுவரை உன் வாயிலிருந்து வராத வார்த்தை. எனக்காக அது ஒருமுறை வெளியே வரட்டும்.

மூன்றாவதாகவும் ஒரு கோளாறு வரும். அதன் விலையை இப்போதே சொல்லி வைக்கிறேன். பாஸ்வேர்டைப் பார்த்துச் சொன்னது நீதான் என்று நீயே சாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பரீட்சை எழுதுவேன், நீ டெமோ காட்டலாம்.

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து,
பரி


இராஜபாளையம்
24.11.98

பரிபூரணம்,

"சார், புரியல" என்று சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. சார் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, ஒடம்பு சரியில்லையா? வீட்டுக்குப் போறியா?" என்றார். அன்று முழுவதும் ஆள் மாற்றி ஆள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். உனக்கு இது போதாதா?

பக்கம் வந்துவிட்டது. ஆனால் நீ சொன்னபடியே மூன்றாவது கோளாறும் வந்துவிட்டது. திரையில் வரும் பருத்தி விலை போன வாரத்து விலை. எத்தனை தரம் தட்டினாலும் அதேதான்.

மூன்றாவது விலையைக் கொடுக்க மாட்டேன். டீ வைத்தால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். இது அப்படியில்லை. சார் அப்பாவுக்கு ஆள் அனுப்புவார். அப்பா இதைத் தாங்க மாட்டார். நீ திமிர் பிடித்தவள், ஒரு வருஷம் போனாலும் கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாய். எனக்கு அப்படி முடியாது. நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

ஞானபாக்கியம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
28.11.98

கண்ணு ஞானம்,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. விடு. மூன்றாவது விலை வேண்டாம். கிறிஸ்துமஸ் வருகிறது; மன்னிக்கிற மாதம் என்று நீதானே சொல்வாய். இந்தா, இலவசம்.

லைன் செலவை மிச்சம் பிடிக்க அந்தப் பிராக்ஸி தந்திரம் செய்கிறது. ஒரு தரம் வாங்கி வந்த பக்கத்தைத் தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்ளும். மறுபடி யாராவது அதையே கேட்டால் வெளியே போகாது. பழையதை எடுத்து நீட்டும். நேற்று வைத்த சாம்பாரைச் சுடவைத்துப் போடுவது போல. கட்டளையில் --cache=off என்று ஒரு வார்த்தை சேர். 'பழசு வேண்டாம், போய்ப் புதுசு வாங்கி வா' என்று அர்த்தம். டெமோ அன்று லைனைத் துண்டிக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லி வை.

இன்னொரு யோசனை. வெறும் விலைப்பட்டியலைக் காட்டினால் முதலாளி கொட்டாவி விடுவார். போன வாரம் உரக் கம்பெனிக் கூட்டத்துக்கு அப்பாவோடு மதுரைக்குப் போனேன். அவர் கூட்டத்தில் இருக்கும்போது பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இணையத்தில் இலவசமாக இடம் கொடுக்கிறார்களே, அதில் ஒரு வரவேற்புப் பக்கம் செய்து வைத்தேன். எழுத்தாலேயே அடுக்கிய குத்துவிளக்கு, கீழே 'வருக வருக'. முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன் புரோகிராம் முதலில் அதை இழுக்கட்டும், பிறகு பருத்தி விலை. அதற்கும் மறக்காமல் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துவிடு. நீதான் செய்தாய் என்று சொல்லிக்கொள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

டெமோவுக்கு முந்தின நாள் மறுபடி மதுரைக்குப் போகிறோம். உனக்காக மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன்.

உன்,
பரி


இராஜபாளையம்
6.12.98

பரிபூரணம்,

இன்று ஞாயிற்றுக்கிழமை. தலைவலி என்று சொல்லி ஆராதனைக்குப் போகவில்லை. நேற்று நடந்ததை நீ யார் வாயிலிருந்தாவது கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

உன் குத்துவிளக்கை அன்றே இழுத்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. ஆனால் நீ என்னைக் 'கண்ணு' என்று எழுதியிருந்தாய். இதுவரை நீ யாரையெல்லாம் கண்ணு என்று கூப்பிட்டாயோ, அவர்கள் டிபன் பாக்ஸிலெல்லாம் ரப்பர் பல்லி இருந்திருக்கிறது. டெமோவுக்கு முந்தின நாள் மதுரைக்குப் போகிறேன் என்று வேறு எழுதினாய். எதற்குப் போகிறாய் என்று யோசித்தேன். புரிந்துவிட்டது. நீ பக்கத்தை மாற்றப் போகிறாய். நான் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால் மாற்றியது அப்படியே என் திரையில் வந்து விழும்.

அதனால் நான் ஒன்று செய்தேன். பருத்தி விலைக்கு மட்டும் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு, வரவேற்புப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். நீ மதுரையில் என்னத்தை மாற்றினாலும் பிராக்ஸி தன்னிடம் இருக்கும் பழைய குத்துவிளக்கைத்தான் நீட்டும். உன் வித்தையாலேயே உன்னை மடக்கிவிட்டேன் என்று வெள்ளிக்கிழமை நிம்மதியாகத் தூங்கினேன்.

சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று காலேஜ் முழுக்கச் சுத்தம் செய்தார்கள் அல்லவா? மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். சோணைமுத்து அண்ணன் லேப்பைக் கழுவித் துடைத்துவிட்டு, மெஷினுக்கு உள்ளேயும் சுத்தம் செய்திருக்கிறார். பிராக்ஸி சேர்த்து வைத்திருந்த அத்தனை பக்கத்தையும் குப்பை என்று அழித்துவிட்டார். "வெள்ளி செவ்வாயில வீடு கழுவுற மாதிரி பாப்பா. உள்ள எம்புட்டுக் கெடந்துச்சு தெரியுமா? எல்லாத்தையும் வழிச்சுப் போட்டேன்" என்று பிறகு பெருமையாகச் சொன்னார். கையில் பழசு இல்லாததால் பிராக்ஸி வெளியே போய்ப் புதுசை வாங்கி வந்தது.

முதலாளி, பிரின்சிபால், பால்பாண்டி சார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் தட்டினேன். மேலிருந்து வரிவரியாக இறங்கியது. முதலில் காதுகள் வந்தன. இரண்டு அல்ல, நான்கு.

சார் கண்ணாடி போட்ட கழுதை. பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட கழுதை. முதலாவது 'பாஸ்வேர்டு சொல்லு' என்கிறது. இரண்டாவது 'சொல்றேன், ஆனா மாட்டுனா நீ மட்டும்தான்' என்கிறது. அதற்குக் கீழே, மிகப் பணிவாக, அன்றைய பருத்தி விலை.

நீ நினைத்தது நடந்தது. நான் அங்கேயே அழுதேன். இப்போது நீ நினைக்காததைச் சொல்கிறேன்.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாரும்மா இத வரஞ்சது?" என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை நின்றுவிட்டது. "நான்தான் சார்" என்றேன். "போன தரம் வந்ததும் நான் வரைந்ததுதான். பரிபூரணத்துக்கு ஒன்றும் தெரியாது. பயத்தில் அவள் பெயரைச் சொல்லிவிட்டேன்." யாரும் சந்தேகப்படவில்லை. கழுதை வந்தது என் லாகினில், என் கையில். நீயோ ஸ்ரீவில்லிபுத்தூரில் யூரியா விற்றுக்கொண்டிருக்கிறாய்.

நீ நிரபராதி என்று உன் அப்பாவுக்குக் கடிதம் போகிறது. வந்து பரீட்சை எழுது. பால்பாண்டி சார் என்ன சொன்னார் தெரியுமா? "பாவம் அந்தப் புள்ள. அதுக்கு இந்த மாதிரி மூளையெல்லாம் எங்க இருக்கு" என்றார். முதலாளி என்னை லீவில் மில் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். காலண்டருக்கு ஒரு காளை வரைந்து தர வேண்டுமாம்.

எனக்குத் தண்டனை உண்டு. அப்பாவைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எப்படியாவது சித்தப்பாவை அழைத்துப் போய்ச் சமாளித்துவிடுவேன். ஆனால் இனி அந்தக் கழுதை என்னுடையது, பரி. நீ எதுவும் தெரியாத பாவப்பட்ட பிள்ளையாக, மிச்ச நாளெல்லாம் முதல் பெஞ்சில் உட்கார்ந்திரு.

ஞானபாக்கியம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.12.98

கழுதைத் திருடிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சாரின் கடிதம் நேற்று வந்தது. நிரபராதி என்ற வார்த்தையை அப்பா கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் வாசித்துக் காட்டினார். மம்சாபுரத்திலிருந்து பூச்சிமருந்து வாங்க வந்தவர் பஸ்ஸைத் தவறவிட்டார்.

இன்று காலையில் அப்பாவோடு காலேஜுக்கு வந்தேன். பால்பாண்டி சார் எழுந்து நின்று, "மன்னிச்சிரும்மா, அவசரப்பட்டுட்டேன்" என்றார். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு "பரவாயில்ல சார்" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். பரீட்சை, லேப், பஸ் பாஸ் எல்லாம் திரும்பி வந்திருக்கும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது சார், "ஒனக்கு இதெல்லாம் வராதுன்னு எனக்கு அப்பவே தோணியிருக்கணும்" என்றார்.

"சார், கழுதை என்னுது" என்றேன்.

சிரித்தார். "ஃப்ரெண்டக் காப்பாத்தப் பாக்குறியாக்கும்" என்றார். உன்னைக் காப்பாற்றவாம்! எனக்கு வந்த கோபத்தில் அவருடைய கீபோர்டையே இழுத்துப் போட்டுக்கொண்டு வரைந்தேன். பார்க்காமல், நிறுத்தாமல், காதில் தொடங்கி வால் வரை. சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, என் மூக்கு இம்புட்டு நீளமாவா இருக்கு?"

அப்பா எட்டிப் பார்த்து, திரையையும் சாரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அச்சு அசலா இருக்கு சார்!" என்றார். எங்கப்பா உரக்கடைக்காரர், உரக்கத்தான் பேசுவார். வராந்தாவில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சார் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். வரைந்தது இரண்டும் நான். காலேஜில் ஒன்று, மதுரையில் ஒன்று. பாஸ்வேர்டைப் பற்றி அப்போதும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய தேவை இல்லை. அவரே, "டெமோவுல வந்த ரெண்டாவது கழுதைக்கு ரெட்டைச் சடைல்லா" என்று தலையை ஆட்டிக்கொண்டார். மில் முதலாளிக்கும் ஒரு கார்டு போட்டுவிட்டேன். அவர் சொன்ன காளையை வரைந்தே அனுப்பியிருக்கிறேன். நீ ஒரு கொசுவை வரைந்து அனுப்பிப் பார், யார் காலண்டரில் வருகிறது என்று தெரியும்.

தீர்ப்பு இதுதான். இரண்டு பேரும் பரீட்சை எழுதலாம். இந்த வருஷம் முடியும்வரை இரண்டு பேருக்கும் லேப் கிடையாது. திங்கட்கிழமை காலையில் இரண்டு அப்பாவும் வர வேண்டும், சார் அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். சித்தப்பாவெல்லாம் செல்லாது, அதை நான்தான் சாருக்கு ஞாபகப்படுத்தினேன். பியூன் நாளைக்கே உங்கப்பா பள்ளிக்கூடத்துக்குச் சீட்டோடு வருவார். அதற்குள் நீயே சொல்லிவிடு என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை, ஏனென்றால் இந்தக் கடிதம் உனக்குச் சனிக்கிழமைதான் கிடைக்கும்.

உன்னை மன்னிக்கவில்லை. நீயும் மன்னிக்க வேண்டாம். திங்கட்கிழமை மட்டும் நேரத்துக்கு வந்துவிடு. எங்கப்பாவுக்கு உங்கப்பாவைப் பார்க்க ரொம்ப ஆசை. என்ன பேசுவது என்று இப்போதே கடையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்: "வாத்தியாரய்யா, வணக்கம்! என் மக வரைவா, ஒங்க மக பூட்டத் தெறப்பா! ஜோடி எப்படி?"

நான் கதவோரமாக நிற்பேன். உங்கப்பா முகத்தைப் பார்க்க அல்ல, உன் முகத்தைப் பார்க்க.

இப்படிக்கு,
கழுதைக்குச் சொந்தக்காரி